நான் சுரண்டிய முகம்

இயேசு மரி சூசை

கடலூர் முதுநகர்
நவம்பர் 9

அன்பு மகன் அருள் பிரகாஷுக்கு,

அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் அனிதாவும் குழந்தையும் அந்தக் கனடாக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஜெபமாலையில் உங்களை நினைக்காத நாள் இல்லை. அப்பாவுக்கு முட்டிவலி மட்டும் மழை வந்ததிலிருந்து ஜாஸ்தி, பூசையில் முழந்தாள் போட முடியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறார், அதற்கு ஒரு கூச்சம் வேறு. மாடியில் என் வகுப்பு நடக்கிற அறை ஒழுகுகிறது. கேன்வாஸ்களை எல்லாம் உன் கட்டிலின் மேல் அடுக்கியிருக்கிறேன், வீடு முழுக்க டர்பன்டைன் வாடை என்று அப்பா முணுமுணுக்கிறார்.

போன வாரம் நீ ஃபோனில் கேட்டபோது நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன், அதில் உனக்கு வருத்தம் என்று தெரியும். நாற்பது வினாடி வீடியோவைப் பார்த்துவிட்டு, "என்னம்மா ஆச்சு உனக்கு, கதிரவன் அண்ணன் வளந்துட்டாருன்னு டீச்சருக்குப் பொறாமைன்னு கீழ எழுதியிருக்காங்க" என்றாய். அதற்கு ஃபோனில் பதில் சொன்னால் கத்திவிடுவேன், அல்லது அழுதுவிடுவேன், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுவதும் படி, அனிதாவுக்கும் படித்துக் காட்டு.

கதிரவனை உனக்கு நன்றாகத் தெரியும், நம் வீட்டு மாடியில் இரண்டு வருஷம் என்னிடம் எண்ணெய் வண்ணம் படித்தவன், நீ பிளஸ் டூ படித்தபோது உன் ரெக்கார்டு நோட்டுக்கெல்லாம் படம் போட்டுக் கொடுத்தவன். இப்போது சிதம்பரத்தில் சொந்தமாகப் பயிற்சிக்கூடம் நடத்துகிறான். அக்டோபர் தொடக்கத்தில் மூன்று நாள் பட்டறை வைக்கிறேன், முதல் நாள் பொருள்கள், இரண்டாம் நாள் முகம், மூன்றாம் நாள் முழு உருவம், நீங்களே வரைந்து காட்ட வேண்டும் டீச்சர் என்று வீட்டுக்கே வந்து காலில் விழுந்து கூப்பிட்டான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். முப்பது பேர் வந்திருந்தார்கள், பேங்க்கில் வேலை பார்க்கிறவர்கள், பல் டாக்டர் ஒருத்தி, ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ரிட்டயர்டு தாசில்தார் ஒருவர். முதல் நாள் போய்ப் பார்த்தால் மேஜையில் பிளாஸ்டிக் ஆப்பிள், பிளாஸ்டிக் திராட்சை, ஒரு காலி ஒயின் பாட்டில். தூசி படிந்த அந்தத் திராட்சையைத் தொட்டதுமே விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டு ஓரமாக வைத்துவிட்டு, மார்க்கெட்டுக்குப் போய்ப் பாதி வெட்டிய பரங்கிக்காயும் நாலு சீத்தாப்பழமும் வாங்கி வந்தேன், பட்டறைக்குச் சாப்பாடு சமைத்தவரிடம் ஒரு நசுங்கிய அலுமினியத் தூக்கைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்தேன். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள், முதலில் வெளிச்சம் எது நிழல் எது என்று மட்டும் பிரியுங்கள், பெயரை மறந்துவிடுங்கள் என்று சொல்லிச் சொல்லி வரைந்து காட்டினேன். பரங்கிக்காயின் மஞ்சள் தூக்கின் வயிற்றில் விழுவதைக் காட்டியபோது தாசில்தார் எழுந்து வந்து தூக்குக்குப் பக்கத்தில் குனிந்து நின்று பார்த்தார். அன்று நன்றாகத்தான் போனது.

இரண்டாம் நாள் முகம். மாடலாக உட்கார ஒப்புக்கொண்டிருந்த கல்லூரிப் பெண் வரவில்லை. நேரமாகிறது என்று கதிரவன், அந்த ஹாலைக் கூட்டிப் பெருக்குகிற ஸ்ரீமதியைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னான். குமராட்சிப் பக்கத்திலிருந்து மினி பஸ்ஸில் தினமும் வருகிறவள், நாற்பது வயதிருக்கும், நல்ல கருப்பு. "நான் எதுக்கும்மா, நான் கருப்பு, வேற யாராச்சும் நல்லா இருக்கவங்கள வெச்சிக்குங்க" என்று துடைப்பத்தைக் கீழே வைக்காமல் நின்றாள். அவள் நெற்றியில் ஜன்னல் வெளிச்சம் விழுந்த அழகைப் பார்த்த பிறகு வேறு யாரும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. வற்புறுத்தி உட்கார வைத்தேன். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்திருக்கச் சொல்லி, மூன்று மணி நேரம் வரைந்தேன். கருப்பு ட்யூப்பை நான் திறக்கவே இல்லை. கருப்புத் தோலில் கருப்பு நிறம் கிடையாது, நெற்றியில் வானத்து நீலம் விழும், கன்ன எலும்பில் செங்கல் சிவப்பு, தாடைக்கு அடியில் புடவையின் பச்சை என்று ஒவ்வொன்றாகக் கலந்து காட்டினேன். பின்னால் யாரோ, "இவ்ளோ டார்க்கா போனா படம் எடுப்பா இருக்காது" என்றார்கள், காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். முடித்ததும் ஸ்ரீமதி வந்து நின்று பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். காதுக்குக் கீழே தாடை ஓரமாக ஒரு பழைய தழும்பை நான் இருந்தபடியே போட்டிருந்தேன். "இங்க தழும்பு இருக்குறது எனக்கே தெரியாதும்மா" என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டாள், படத்தை அல்ல, தன் தாடையை. நாளைக்கு வீட்டுக்காரரைக் கூட்டி வந்து காட்டலாமா என்று கேட்டாள். தாராளமாக என்றேன். மூன்று மணி நேரம் ராணி மாதிரி உட்கார்ந்தவள் அடுத்த நிமிஷம் எல்லாருடைய எச்சில் டம்ளரையும் கழுவப் போனாள். அதுவும் எனக்குச் சுருக்கென்றது, ஆனால் நான் என் தூரிகைகளைத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் நான் போனபோது படம் மேடையில், கேன்வாஸ் நிறுத்தும் ஈசல் சட்டத்தில் இருந்தது, சாமந்தி மாலை வேறு. அருளு, அதை எப்படிச் சொல்வேன். சதை நிறம் என்று ட்யூப்பிலேயே வரும் ஒரு வண்ணம் உண்டு, அதில் வெள்ளையைக் குழைத்து முகம் முழுக்கப் பூசியிருந்தது. நெற்றியில் நீலம் இல்லை, கன்னத்தில் எலும்பு இல்லை, தழும்பு போன இடம் தெரியவில்லை, மூக்கில் ஒரு தங்க மூக்குத்தி. வெண்ணெயில் செய்த பொம்மை மாதிரி வழுவழுவென்று சிரித்தது. என் கையெழுத்து மட்டும் கீழே அப்படியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். திரும்பி வந்தபோது ஸ்ரீமதி அவள் புருஷன் கண்ணாயிரத்தோடு படத்தின் முன்னால் நிற்கிறாள். டிராக்டர் ஓட்டுகிறவர், லீவு போட்டுவிட்டு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். "எதுடி ஓம் படம், இது யாரு" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்து, "நேத்து இங்கதான் இருந்துச்சும்மா, வேற படத்த மாத்தி வெச்சிட்டாங்க போல, என்னுது எங்க இருக்கு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே தேடினாள்.

கதிரவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் அசையவே இல்லை. நேற்றுச் சாயங்காலமே டச்சப் பண்ணிவிட்டேன் டீச்சர் என்றான். பட்டறைக்கு உதவிய ஜவுளிக்கடைக்காரர் சுப்பராயலுவுக்கு இன்று அதைப் பரிசாகக் கொடுக்கப் போகிறோம், "அவரு வீட்டு ஹால்ல மாட்டணும்ல டீச்சர், கூட்டுற பொம்பள மூஞ்சிய யாரு மாட்டுவா" என்றான். நான் கையை ஓங்கியிருப்பேன். அதற்குள் அடுத்ததைச் சொன்னான். "நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க, செத்தவங்க போட்டோவப் பாத்துப் போடும்போது ரெண்டு ஷேடு வெளுப்பா ஏத்திப் போடு, அப்பதான் வீட்ல சந்தோஷப்படுவாங்கன்னு."

அது பொய் இல்லை, அருளு. நான்தான் சொன்னேன், அந்த மாடியில்தான் சொன்னேன். முதுநகரிலும் மஞ்சக்குப்பத்திலும் எத்தனை வீட்டில் நான் போட்ட படங்கள் மாலையோடு தொங்குகின்றன, உப்பளத்தில் வெயிலில் காய்ந்தவர்களையும் வலை இழுத்தவர்களையும் எல்லாம் ரோஸ் நிறத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் கேட்டார்கள், நான் போட்டேன். அவன் செய்ததைப் பார்த்து வந்த அருவருப்பு அப்படியே திரும்பி என் மேல் விழுந்தது. எது யார் மேல் என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. அந்த நிலையில்தான் மேடை ஏறினேன். சுப்பராயலு முன் வரிசையில் சால்வையோடு உட்கார்ந்திருந்தார். மைக்கில், இன்று முழு உருவம் வரைந்து காட்டுவதாக இருந்தது, அதற்கு முன் கெட்டுப்போன வண்ணத்தை எப்படி எடுப்பது என்று காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்தேன். வண்ணம் காயவில்லை, அவன் பூசியது மட்டும் வராது, அடியில் இருக்கும் என்னுடையதும் சேர்ந்துதான் வரும் என்று தெரியும். நெற்றியிலிருந்து தாடை வரை சுரண்டிச் சுரண்டித் துணியில் துடைத்தேன். கடைசியில் கேன்வாஸில் காவி நிறத்தில் ஒரு கறைதான் மிஞ்சியது. "நல்லாத்தான இருந்துச்சு படம், என்னா இந்தம்மா" என்று சுப்பராயலு சொன்னது கேட்டது. நீ பார்த்த நாற்பது வினாடி அதுதான். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். வழியெல்லாம் என்னவோ சாதித்துவிட்ட மாதிரிதான் இருந்தது, அதை நினைத்தால்தான் இப்போது இன்னும் கேவலமாக இருக்கிறது.

அடுத்த வாரம் பல் டாக்டர் ஃபோன் செய்து, அன்று மேடையில் நடந்ததற்கு அவளைக் காரணம் காட்டி ஸ்ரீமதியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்றாள். மறுநாளே அப்பாவுக்குச் சோறு வடித்து வைத்துவிட்டுச் சிதம்பரம் போய், அங்கிருந்து மினி பஸ்ஸில் அவள் ஊருக்குப் போனேன். நடவில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் வரப்பில் ஏறி வந்தாள், முழங்கால் வரை சேறு. உன் வேலை போனதற்கு நான்தான் காரணம், மன்னித்துக்கொள் என்றேன். "வேல போனா போவுது, நடவுக்கு ஆளுக்கு அலையிறாங்க" என்றாள். காலில் இருந்த சேற்றை வரப்பில் தேய்த்துவிட்டு, "எல்லாரு முன்னாடியும் எம் மூஞ்சியக் கத்திய வெச்சி சொரண்டுனீங்களே, அதத்தாம்மா எங்க ஊர்ல போன்ல பாக்குறாங்க. இவ மூஞ்சி புடிக்கலன்னு அந்தம்மாவே சொரண்டிப் போட்டுட்டாங்கன்னு சொல்றாங்க" என்றாள். "நீங்க கோவப்பட்டீங்க, பஸ்ஸு ஏறிப் போயிட்டீங்க. எங்க வீட்டுக்காரரு அங்கியே நின்னுட்டு இருந்தாரு."

அன்று கத்தியை எடுக்கும் முன் நான் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, தம்பி. அவள் முகத்தை எடுத்து நான் சண்டை போட்டேன், அவளைக் கேட்கவே இல்லை. கதிரவன் கேட்காமல் பூசினான், நான் கேட்காமல் சுரண்டினேன். அந்த வரப்பில் நின்று அழுதேன், நடவுக்காரப் பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள், அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என்ன செய்யட்டும் நீயே சொல் என்று கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, "மொதல்ல போட்ட மாதிரியே போட்டுக் குடுங்க. அந்தத் தழும்போட. ஞாயித்துக் கெழமன்னா உக்காருவேன், எங்க வீட்டுல, எங்க வீட்டுக்காரரு பாக்க" என்றாள்.

நாலு ஞாயிறு போனேன், விடியற்காலைப் பூசை முடிந்ததும் மடக்கு ஈசலைத் தூக்கிக்கொண்டு. கூட அப்பாவும் ஒரு தடவை வந்தார். வாசலில் தென்னங்கீற்றுப் பந்தலுக்குக் கீழ்தான் வெளிச்சம் சரியாக இருந்தது. சிதம்பரத்தில் போட்டது போல வரவில்லை, மழை மேகத்தில் நிறம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறியது, அவளும் இந்தத் தடவை கண்ணைத் தாழ்த்தாமல் நேராகப் பார்த்து உட்கார்ந்தாள், அதனால் வேறு முகமாக இருந்தது. அது முந்தினதை விடச் சரியான முகம். தெருவில் வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள், ஃபோனில் எடுத்தார்கள், எடுத்துக்கொள்ளட்டும் என்று அவளே சொன்னாள். இன்று முடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். கண்ணாயிரம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்து, "ம், இவதான்" என்றார். காய்வதற்கு வாரக்கணக்காகும், கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். டி.வி.க்கு மேலே ஆணி அடித்து மாட்டிவிட்டார்.

அவளுக்கு நம் பங்குப் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை கேட்டிருக்கிறேன், சிஸ்டர் பார்க்கலாம் என்றார், கடலூர் வரை தினமும் வந்து போவது கஷ்டம் என்கிறாள், இன்னும் முடிவாகவில்லை. கதிரவன் ஒரு தடவை ஃபோன் செய்தான், நான் எடுக்கவில்லை. அவன் மேல் இருக்கும் வெறுப்பு இன்னும் போகவில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியும் போகவில்லை, சாமியார் பொறுமையாக இருங்கள் என்றார். நீ அவனோடு பேச வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அம்மா சார்பாக எதுவும் பேசாதே. வீடியோவுக்குக் கீழே பதில் எழுதுகிறேன் என்று கிளம்பாதே, அது மறுபடியும் ஸ்ரீமதி வீட்டு வாசலில்தான் போய் நிற்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள், பனியில் வண்டியை மெதுவாக ஓட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடாதே, அனிதாவை வேலைக்கு மேல் வேலை வாங்காதே. உங்கள் மூன்று பேரையும் மாதாவின் கையில் ஒப்படைத்து நெற்றியில் சிலுவை வரைகிறேன், அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்.

ஒன்று மறந்துவிட்டேன். ஞானஸ்நானத்துக்குக் குழந்தையின் படம் போட்டு அனுப்பச் சொல்லி நீ போன மாதம் அனுப்பிய ஃபோட்டோவில், ஃபோனில் ஏதோ செய்து குழந்தையை வெளுப்பாக்கி வைத்திருக்கிறீர்கள், கன்னத்தில் ரோஸ் வேறு. அதை வைத்து வரைய மாட்டேன். பிள்ளை என்னையும் அப்பாவையும் மாதிரி கருப்பாகத்தான் பிறந்திருக்கிறாள், வீடியோ காலில் நான் பார்த்தேன். பவுடர் போடாமல், பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் அனிதா மடியில் உட்கார வைத்து ஒன்று எடுத்து அனுப்பு.

உன் அன்பு அம்மா
பாக்கியமேரி