கமெரினோவிலிருந்து கடல் வரை

மார்ச் 9, 2025, ஞாயிறு

காலையில் சுகிர்தா வீடியோவில் வந்தாள். ஜூனில் நாங்கள் கட்டாயம் வரவேண்டுமாம். அவள் ஆராய்ச்சி செய்கிற கமெரினோ, இத்தாலியில் ஒரு மலை உச்சி ஊர். அங்கிருந்து வாடகைக் கார் எடுத்து, மேட்டுச் சாலைகள் வழியாகவே இறங்கி, கடல் வரைக்கும் போகவேண்டும் என்று மகளுக்கு ஆசை. பஸ்ஸில் போனால் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாதாம். சரி, யார் ஓட்டுவது? அவளுக்குத் தெரியாது. அவள் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நான் ஓட்டுதேன்" என்று சொல்லிவிட்டேன்.

இவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

மார்ச் 10

ஏன் எழுந்து போனார் என்று எனக்குத் தெரியாதா? பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. நடை திரும்பிவிட்டது, பேச்சு திரும்பிவிட்டது. கியர் போடுகிற இடது கை மட்டும் திரும்பவில்லை. கார் உறை போட்டபடி நின்றது. போன வருடம், ஐம்பது வயதில், நான் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தேன். இப்போது பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரி மருந்தகத்துக்கு வேலைக்கு நானே ஓட்டிக்கொண்டு போய் வருகிறேன். இவர் ஒரு நாள்கூட அதில் ஏறவில்லை. டாக்டரிடம் போவதென்றாலும் ஆட்டோ. நான் அந்த ஆட்டோவுக்குப் பின்னாலேயே எங்கள் காரில் போவேன். தெருவே பார்க்கும்.

மார்ச் 16

சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம். விரைவுச் சாலையில் போனால் சீக்கிரம் கடல் வந்துவிடும். எனக்கு அது வேண்டாம். கமெரினோவிலிருந்து சிங்கோலி, அந்த மேட்டு ஊரிலிருந்து பார்த்தால் தூரத்தில் கடல் தெரியுமாம். அப்புறம் வயல்களுக்கு நடுவே வளைந்து வளைந்து சிரோலோ. மலை நேராகக் கடலில் இறங்குகிற இடம். வட்டச் சந்திப்பில் இடதுபுறமிருந்து வருகிறவனுக்கு வழிவிட வேண்டும். வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்ட பலகை இருந்தால் அந்தத் தெருவுக்குள் நுழையவே கூடாது. எல்லாம் நானே படித்துத் தெரிந்துகொண்டது. பரீட்சைக்குக்கூட இப்படிப் படித்ததில்லை.

காபி எடுக்க வந்த இவர் எட்டிப் பார்த்தார். "மேடும் வயலும் பாக்கதுக்கு அங்கன வரைக்கும் போணுமாக்கும்?"

மார்ச் 30

வரவில்லையாம். "நீ போய்ட்டு வா, நான் வீட்டைப் பாத்துக்கிடுதேன்" என்கிறார். வீடு எங்கே போகிறது? கல்யாணம் ஆனதிலிருந்து இவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு ஒருநாளாவது அது குறைச்சலாகத் தோன்றியிருக்கிறதா? இவருக்கு மட்டும் ஏன் — கேட்டேவிட்டேன். "கைதானங்க போச்சு. கூட உக்காந்து வாரதுக்கு என்ன கேடு?"

சொல்லியிருக்கக் கூடாது. ஆனா சொல்லாம எத்தனை நாளைக்குத்தான் இருக்க?

ஏப்ரல் 2

பேச்சில்லை.

ஏப்ரல் 11

வெளிநாட்டில் ஓட்டுவதற்கான அனுமதி கைக்கு வந்துவிட்டது. போக்குவரத்து அலுவலகத்தில் இருந்தவர் தாளைப் பார்க்காமலே, சாரை வரச் சொல்லுங்கள் என்றார். பெயரைப் படித்துப் பார்க்கும்படி சொன்னேன். படித்தார். "மேடமா ஓட்டப் போறீங்க, இத்தாலியிலயா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். வெளியே வந்து கார் கண்ணாடியில் என் முகத்தை நானே ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

அங்கே மலையிலிருந்து கடலுக்கு ஓட்டுமுன் இங்கே ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்று முடிவு செய்திருந்தேன். பாபநாசத்தில் மலையேறி, இறங்கி, ஆற்றோடு வந்து திருச்செந்தூர். தனியாகத்தான். விடிந்ததும் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், இவர் சட்டை மாட்டிக்கொண்டு கார் அருகே நிற்கிறார். பின்கதவைத் திறந்து பின்சீட்டில் உட்கார்ந்தார். சவாரிக்கு வந்தவர் மாதிரி.

காரையாறு போகும் ஏற்றத்தில் ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. நிறுத்தினேன். மறுபடி எடுக்கும்போது வண்டி பின்னால் உருண்டது. இவர் என் சீட்டைப் பிடிப்பது முதுகில் தெரிந்தது. கைபிரேக்கை இழுத்தேன். மூச்சு விட்டேன். கிளட்சைப் பைய விட்டு, வண்டி முன்னால் இழுக்கத் தொடங்கியதும் பிரேக்கை விடுவித்தேன். ஏறியது. பின்னால் பிடி தளர்ந்தது.

முக்கூடல், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று ஊர்கள் கடந்தன. திருச்செந்தூரில் கடலைப் பார்த்து நின்றபோதுதான் வாய் திறந்தார்.

"அந்த ஏத்தத்துல தனியா வந்தப்ப ரெண்டு தடவை எனக்கும் வண்டி பின்னால உருண்டிருக்கு வேணி. நீ பயந்துருவன்னு சொன்னதில்ல."

திரும்பும்போது முன்சீட்டில் உட்கார்ந்தார்.

மே 4

இரண்டு டிக்கெட்.

ஜூன் 18, கமெரினோ

சுகிர்தா மெலிந்திருக்கிறாள். ஆனால் கடையில் இத்தாலியன் பேசி என்ன அழகாகத் தக்காளி வாங்குகிறாள். பூகம்பத்தில் அடிபட்ட பழைய ஊரில் இன்னும் பல வீடுகளுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறது.

சாயங்காலம் ஒரு காலி மைதானத்தில் பழகினேன். ஸ்டியரிங் இடப்பக்கம், கியர் வலக்கையில். என் இடது கை கியரைத் தேடிக் கதவில் மோதிக்கொண்டே இருந்தது. இவருக்கு வலப்பக்க சீட். நம்ம ஊரில் ஓட்டும்போது உட்கார்ந்த பழைய இடம். இவர் காலைப் பார்த்தேன், நான் பிரேக் போடும்போதெல்லாம் அதுவும் அழுத்துகிறது. அவரே சிரித்துவிட்டார். "இந்த ஊர்ல பொறந்திருந்தா கியர் போடதுக்கு என் வலக்கையே போதும்" என்றார்.

கையைப் பற்றி அவராகச் சிரித்துப் பேசி நான் கேட்டதே இல்லை.

ஜூன் 21, சிரோலோ

ஓட்டிவிட்டேன்.

வழியெல்லாம் பச்சை மேடுகள், அங்கங்கே மலர ஆரம்பித்த சூரியகாந்தி. சிங்கோலியில் இறங்கி நின்றோம். வானம் முடிகிற இடத்தில் நீலமாக ஒரு கோடு. அதுதான் கடல் என்றாள் சுகிர்தா. நான் தாளில் விரல் வைத்துத் தொட்ட ஊரில் என் கால் நிற்கிறது.

அதற்குப் பிறகுதான் சோதனை. கைபேசி சொன்ன குறுக்குவழி, இரண்டு மதில்களுக்கு நடுவே ஒரு சந்தாகக் குறுகியது. எதிரே ரொட்டி வண்டி. நான்தான் பின்னால் போகவேண்டும். பின்னால் ஏற்றம், வளைவு வேறு. சுகிர்தா பதறிவிட்டாள். இறங்கி அந்த ஆளையே ஓட்டித் தரச் சொல்லலாம் என்றாள். கதவைத் திறக்கவும் போனாள்.

"ஏட்டி, பேசாம இரு" என்றார் இவர். "அம்மா எடுப்பா."

அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. தன் பக்கத்து மதிலை மட்டும் பார்த்துக்கொண்டு, இடம் இருக்கு, இடம் இருக்கு என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். என் பக்கத்தை நான் பார்த்துக்கொண்டேன். கீறல் இல்லாமல் வெளியே வந்தோம். ரொட்டி வண்டிக்காரர் கடந்து போகையில் கையைத் தூக்கிக் காட்டினார். இவர் வலக்கையைத் தூக்கிப் பதில் சொன்னார்.

கடலில் முழங்கால் வரை நின்றோம். தண்ணீர் கண்ணாடி மாதிரி. மகள் எங்களைப் படம் எடுத்தாள். அதில் நான் கொஞ்சம் திமிராகத்தான் இருக்கிறேன். இருக்கட்டும்.

ஜூலை 13, ஞாயிறு, பாளையங்கோட்டை

சாத்தான்குளத்திலிருந்து இவருடைய அண்ணன் போனில் கூப்பிட்டார். அடுத்த ஞாயிறு அவர்களுடைய புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார்கள். எந்த பஸ்ஸில் வருகிறோம் என்று கேட்டிருக்க வேண்டும்.

அடுக்களையில் இருந்த எனக்கு இவர் பேசியது மட்டும் கேட்டது. "பஸ் என்னத்துக்குண்ணே? வேணி ஓட்டுவா, கார்லயே வந்துருதோம். மதினிய ரெடியா இருக்கச் சொல்லுங்க, சாயங்காலம் அப்படியே திருச்செந்தூருக்கும் கூட்டிட்டுப் போவா."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு ஆஸ்பத்திரியில் டூட்டி. நாளைக்கு மருந்தகத்தில் கூட வேலை செய்கிற செல்வமணியிடம் மாற்றிக்கொள்ளச் சொல்லவேண்டும்.