மண் இளக்கும் தீ

மகளே,

போனை நீ எடுப்பதில்லை. அதனால் சுற்றுலாக்காரர்களின் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உலகத்திலேயே குளிரான ஊர் என்று நம் ஊரைப் பார்க்க இந்த வருடமும் வந்துவிட்டார்கள். விறகு சுமந்து எனக்குத் தோள் விட்டுப்போயிற்று.

"என்ன தாத்தா, எங்கள வரவேற்கவா இவ்ளோ பெரிய தீ?" என்று ஒருத்தி கைகளை நீட்டிக் குளிர்காய்ந்தாள்.

பக்கத்து வீட்டு அய்தால் சும்மா இருப்பானா? "மண்ணு கல்லா உறைஞ்சு கெடக்கு. எரிச்சு இளக்குனாத்தான் குழி வெட்ட முடியும். இவரு சம்சாரத்துக்குத்தாம்மா."

அவள் கைகளை இழுத்துக்கொண்டாள்.

"அட, காயும்மா. வந்தவங்க குளிர்ல நின்னா அவளுக்குப் பொறுக்காது" என்றேன்.

மண் எப்போதோ இளகிவிட்டதாம், அய்தால் திட்டுகிறான். நான்தான் இன்னும் விறகு போட்டுக்கொண்டிருக்கிறேன். நீ வந்து சேர வேண்டுமே.

அப்பா