பஸ் டிக்கெட்டுக்குச் செல்லாத கார்டு

நவம்பர் 14, வெள்ளி. ரிச்சர்ட்சன்.

ஆஸ்திரேலிய அரசின் உதவித்தொகைக் கார்டு பற்றி இன்று ஒரு புகார் வந்தது. அதிலுள்ள பாதிப் பணத்தை அனுமதித்த இடங்களில் மட்டுமே செலவழிக்க முடியும். மற்ற இடங்களில் கார்டின் சாஃப்ட்வேர் ஒழுங்காக மறுக்கிறதா என்று இங்கே அமெரிக்காவிலிருந்து சோதிப்பது என் வேலை. மறுத்தால் 'பாஸ்' என்று எழுதுவேன்.

எழுதியிருந்தவள் ஒரு பூர்வகுடிப் பெண். தம்பியின் அடக்கத்துக்குப் போக பஸ் டிக்கெட் கேட்டிருக்கிறாள். அந்த பஸ் கம்பெனி பட்டியலில் இல்லை. 'எங்கள் இனத்துக்கு மட்டும்தானே இப்படி?' என்று கடைசியில் கேட்டிருந்தாள்.

டீம் லீட் கார்த்திக்கைக் கூப்பிட்டேன். "இந்த ரூல் பின்கோடு பாத்துதானே வருது, அதுல முக்காவாசி அவங்க ஊருதானே? டிஸ்கிரிமினேஷன் சட்டம்னு ஒண்ணு இல்லையா?"

"நமக்குக் குடுத்த ஸ்பெக்ல எங்கயாவது ரேஸ், இனம்னு இருக்கா வித்யா? பின்கோடுதானே இருக்கு. லீகல் டீம் பாத்தாச்சு. க்ளோஸ் பண்ணிடுங்க, வீக்கெண்ட் வருது."

'வடிவமைத்தபடியே வேலை செய்கிறது' என்று எழுதி மூடிவிட்டேன். அதில் பொய் இல்லை. அதுதான் உறுத்துகிறது.

அப்பா இறந்தபோது நான் ஊருக்குப் போகவில்லை. விசா ஸ்டாம்பிங்கில் மாட்டிக்கொண்டால் திரும்ப முடியாதே என்ற பயம். எல்லாவற்றையும் வீடியோ காலில் பார்த்தேன். என் கார்டை யாரும் மறுக்கவில்லை.

இதை யாரிடமாவது சொல்லலாம் என்று போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். பட்டியல் முடிந்துவிட்டது.

புகார்ப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. அவள் தம்பி முகத்தைப் பார்த்தாளா என்பதற்குத்தான் இல்லை.