கன்றை அவிழ்த்துவிடுமாறு புன்னைவாயில் அவைக்கு

மழை பிழையாத தண்சாரல் நாடாளும் வேழங்கொண்ட பெருமாளின் ஆணையைத் தலைமேல் தாங்கி, வழக்குத்துறை அமைச்சன், வாதுவல்ல மாராயன் என்னும் பட்டம் சுமக்கும் எயினன் கீரன், புன்னைவாயில் அறங்கூறவையின் தலைவர் சாத்தங் குமரனார்க்கும் உடனமர் அவையோர்க்கும் விடுக்கும் ஓலை. உம் துறையில் மீன் கொழிக்க; உம் வயலில் நெல் சாய்க; உம் குடிகள் நோயின்றி வாழ்க. உமக்கு மட்டும் வாழ்த்துச் சொல்ல இன்று எமக்கு மனம் வரவில்லை.

கறந்த பாலையும் கள்ளென்று வாதாடிச் சோறு தின்ற வாய் எம்முடையது. அவையில் இவ்வாயை அடக்க வேறு வழி காணாமலே பெருமாள் எம்மை அமைச்சனாக்கினார் என்று ஊர் சொல்லும். ஊர் சொல்வது மெய்யே. வழக்காடுவோரின் வஞ்சனை அனைத்தும் கண்டு சலித்தோம் என்றிருந்த எம்மையும் உம் அவை வியக்க வைத்துவிட்டது.

உம் ஊர் நல்லினி என்பாளும், அவள் வேலிக்கு அடுத்த வேலிக்காரனான சேந்தன் என்பானும் ஒரு சினைப்பசுவுக்கு உரிமை கோரி உம்மிடம் வந்தனர். வழக்குப் பொருளை முத்திரையிட்டு அவையில் காப்பது நம் நாட்டு வழக்கமாதலால், பசுவைக் கட்டி வைத்தீர், குற்றமில்லை. பசு உம் தொழுவத்தில் கன்று ஈன்றது. கன்று முன்பு கோரப்படாத பொருள் என்று அதற்கு வேறு வழக்கு எழுதினீராம்! இரு வழக்கின் பொருள்கள் ஒருங்கே நிற்றலாகாது என்று, கன்றைப் பிரித்து மேலைக் கொட்டிலில் அடைத்தீராம்! தாய் இப்புறம் கதற, கன்று அப்புறம் கதற, காவலன் அதற்குக் கஞ்சித் தண்ணீர் புகட்டுகிறானாம். கறந்த பாலோ கெடும் பொருள். ஆகவே கெடுமுன் அவையோரே குடித்துத் தீர்க்கின்றீராம். எத்துணை அக்கறை ஐயா உமக்கு!

இவையும் பொறுப்போம். கன்றின் விலா எலும்பு தெரியக் கண்டு, நல்லினியும் சேந்தனும் சேர்ந்து வந்து, அது பால் குடிக்க விடுக என்று உம் காலில் விழுந்தனர். எதிரெதிர் நிற்போர் ஒரே விண்ணப்பம் செய்ய விதியில்லை என்று துரத்தினீர். சண்டைக்காரர் தாமே சேர்ந்து வரும் நாளன்றோ வழக்கவைக்குத் திருநாள்? அன்றைக்கா கதவடைப்பது? எதற்காக ஐயா நமக்கெல்லாம் சோறு போடுகிறார்கள்?

இருவரும் தலைநகர்க்கு நடந்தே வந்தனர். எம் வாயிலிலும் சண்டை ஓயவில்லை. இத்தடியன் பசுவுக்கு ஒரு பிடித் தவிடும் வைத்ததில்லை என்று அவள் உரைக்க, அவள் நாவின் நீளத்துக்கு அவள் தொழுவத்தில் வைக்கோல் இருந்ததில்லை என்று அவன் உரைத்தான். கன்று எப்படி இருக்கிறது என்று யாம் வினவியதும் சண்டை ஓய்ந்தது. முதலில் அழுதவன் அத்தடியனே. இரண்டாவதாக அழுதவர் யாரென்று எம் எழுத்தன் எழுத வந்தான், எழுத்தாணியைப் பிடுங்கிக்கொண்டோம்.

பசு நல்லினிக்கு, பால்குடி மறந்தபின் கன்று சேந்தனுக்கு என்று, வழி நெடுக ஏசிக்கொண்டே அவர்கள் தாமே முடித்துக்கொண்டனர். அதுவே முடிவு. அதை ஏட்டில் ஏற்றுவதன்றி உமக்கு வேலையில்லை. உம் தீர்ப்பென்று மார்தட்டவும் உரிமையில்லை. இனி எவ்வழக்கிலும் எதிரிகள் ஒன்றுபட்டு வந்தால் அவர்க்கே முதலிடம் தருக. உயிருள்ள பொருளை அதன் தாயிடமிருந்து பிரிக்கற்க. இது பெருமாள் ஆணை.

எம் வாதம் உம் செவியில் ஏறும்வரை பொறுக்கக் கன்றுக்கு வலுவில்லை. ஆதலின், கன்றை அவிழ்த்துத் தாயிடம் விட்ட பின்னரே இவ்வோலையை உம் கையில் தருமாறு குதிரைவீரனுக்குச் சொல்லியுள்ளோம். நீர் இதைப் படிக்கும்போது அது மடியில் முட்டிக்கொண்டிருக்கும். வயிறு நிறைந்து அது தானாக வாயை எடுக்கும்வரை, அவைத்தலைவர் உட்பட ஒருவரும் இருக்கையில் அமரலாகாது.

வேழ இலச்சினை இட்டோம். எழுந்து நிற்க.