கூரைக் கல்லும் இந்திய வீடுகளும்

1983 மே 14
யாரிடமும் சொல்லவில்லை, இங்கே எழுதிவைக்கிறேன். கொடைக்கானல் ஏரிக்கரையில் ‘இந்திய வீடுகள்’ என்று கண்காட்சி போட்டிருக்கிறார்கள். அதில் கேரளா வீட்டுக்குள் போய், தட்டில் இருந்த வாழைப்பழத்தை எடுத்துக் கடித்துவிட்டேன். மண். சாயம் பூசின மண். பல் ஆடுது. பண்ணைக்காட்டு மலைக்கிராமத்திலே வாழைக்கு நடுவிலே பொறந்தவ நான்!

மே 15
மாநிலத்துக்கு ஒரு வீடு. எல்லாம் பலகையும் சாக்குத்துணியும். தமிழ்நாட்டு வீட்டுக்குத் தென்னங்கீற்றுக் கூரை, வாசலில் காகிதத் தென்னை மரம். கொடைக்கானல் குளிரிலே தென்னையா? “ஏய்யா, தேங்கா எப்ப விழும்?” என்று அங்கே நின்ற மேஸ்திரியைக் கேட்டேன். “போம்மா, இதுதான் நம்ம அடையாளமாம்” என்றார். நம்மன்னா யாரு? தார் டின்னைத் தட்டி வேய்ஞ்ச கூரைக்குள்ளே இருபது வருசமா இருக்கேனே, நான் எந்த மாநிலம்?

மே 17
கண்காட்சி ஓவர்சியர் ஞானவேல் வந்தார். அங்கிருந்து பார்த்தால் மேட்டில் என் வீடு தெரியுதாம். கூரை மேலே கெடக்கிற கல்லெல்லாம் அசிங்கமாம். மந்திரி வருகிறார், எடுக்கணுமாம்.
“அழகுக்கு வச்சதில்லைங்க. கல்லை எடுத்தா காத்துக்குத் தகரம் பறந்துரும்.”
“மூணு நாள்தானேம்மா.”
“காத்துகிட்ட சொல்லிட்டீங்களா?”
போய்விட்டார். நான் போர்டிங் பள்ளிக்கூடச் சமையலுக்குப் போன நேரம் பார்த்து, ஆள் விட்டுக் கல்லையெல்லாம் இறக்கிவிட்டார். எங்க வீட்டுக்காரர் அடைக்கலராஜ் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்! “கவர்மெண்டு ஆளு, என்ன செய்யச் சொல்றே?” என்கிறார். தலையிலே விழப்போற தகரமும் கவர்மெண்டா?

மே 18
கல் இருக்கிற இடம் தெரிந்தது. சுண்ணாம்பு அடித்து, தமிழ்நாட்டு வீட்டுப் பாதைக்கு ரெண்டு பக்கமும் அடுக்கியிருக்கிறார்கள். வருகிறவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கிறார்கள். என் கூரையிலே இருந்தா அசிங்கம், அங்கே போனா அலங்காரம் — என்ன நியாயம் இது?

மே 19
மேகம் இறங்குது. வெள்ளனே எழுந்து தகரத்தைக் கயிற்றால் கட்டினோம். போதாது.

மே 20
மத்தியானம் காற்று. ஒரு தகரம் பிய்த்துக்கொண்டு பறந்து, தமிழ்நாட்டு வீட்டு மேலேயே போய் விழுந்தது. அதன் கீற்று ஏற்கனவே பறந்து ஏரிக்குப் போயிருந்தது. யாருக்கும் அடியில்லை, மாதா காப்பாத்தினா. மழைக்கு ஜனங்க என் தகரத்துக்கு அடியிலேதான் ஒதுங்கினாங்களாம். இப்பத்தான் அது எங்க ஊரு வீடு.

மே 21
மந்திரி வரவில்லை. ஞானவேல் சார் வந்தார், தகரமும் கல்லும் ஆட்கள் தலையில். “எப்படி வைக்கணும்னு நீங்களே சொல்லுங்கம்மா” என்று தானே கூரையேறினார்.
“ஓரமா வைங்க சார். நடுவிலே மிதிச்சிராதீங்க, துரு.”
தகரம் பொத்துக்கொண்டு அவர் வலது கால் மட்டும் வீட்டுக்குள் வந்தது. பூட்ஸ் போட்டிருந்தார். நல்லவேளை, குழம்புச் சட்டியை மூடித்தான் வைத்திருந்தேன்.