பயில்வானின் பல்லுக்கு நான் போட்ட பாட்டு

அன்பு மகள் சுண்டுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், என் காதுகள் மட்டும் அவ்வளவு சௌக்கியமில்லை. நீ நன்றாக இருப்பதாகப் போனில் சொல்லத்தான் செய்கிறாய், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்பதை உன் முகத்தைப் பார்க்காமல் நான் எப்படி நம்புவது. போனில் அப்பா என்னைப் பேசவே விடுவதில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

பொழுது போகட்டும் என்று அவருக்கு ஓர் இணையப் பக்கம் அனுப்பினாயே, கட்டம் கட்டமாகத் தட்டிப் பாட்டு போடுவது, சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான் அது. திரை முழுக்கக் கணக்கு நோட்டு மாதிரி கட்டங்கள், மேலே தட்டினால் மெல்லிசான சத்தம், கீழே தட்டினால் தடித்த சத்தம், ஒரு கோடு இடமிருந்து வலமாக ஓடி நிரப்பிய கட்டங்களையெல்லாம் ஒலிக்க வைக்கிறது, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. பல் டாக்டருக்கு ஓட்டையைக் கண்டால் அடைத்துத்தானே பழக்கம், ஒரு கட்டம் விடாமல் அடைத்துவிட்டார். பாத்திரக் கடை அலமாரி சரிந்த மாதிரி இருந்தது. அதோடு விட்டாரா, காத்திருப்பவர்களுக்குப் பயம் தெளியட்டும் என்று கிளினிக் வாசலில் நான் சீட்டு எழுதுகிற மேசைக் கம்ப்யூட்டரிலேயே ஓடவிட்டார். உச்சியில் கீச்சென்று ஒரு வரிசை, அசல் பல் குடையும் மெஷினேதான். உட்கார்ந்திருந்த டீச்சரம்மா, "உள்ள யாரையோ ஆரம்பிச்சிட்டாரு போல, நான் நாளைக்கு வரேன்" என்று எழுந்து போனவர் போனவர்தான். உள்ளே ஒருவருமே இல்லை. அப்பாவிடம் சொன்னால், "உனக்கு ரசனை இல்ல" என்கிறார். அதனால் அவர் மதியம் கண்ணயரும்போதெல்லாம் நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டங்களை அழித்துவிடுவேன், எழுந்து வந்தவர், "பாத்தியா, கேக்கக் கேக்க எப்படி மெருகேறுது" என்று தலையாட்டுவார்.

இப்படி இருக்கையில், உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிற பயில்வான் கன்னம் பந்து மாதிரி வீங்கி வந்து சேர்ந்தார். ஆள் நின்றால் வாசல் அடைத்துக்கொள்ளும், ஊசியைக் கண்டால் மட்டும் குழந்தை. ஏற்கெனவே நாற்காலி வரைக்கும் வந்து ஓடிப்போனவர். இனியும் தள்ளிப்போட்டால் சீழ் தாடைக்குப் பரவி ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிவரும் என்று அப்பா கெஞ்சாத குறை. பயில்வானோ காதைத் தீட்டிக்கொண்டு, "இந்தப் பாட்டு நல்லா இருக்கே, இது ஓடுற வரைக்கும் வாயத் தொறந்து வச்சிருக்கேன், முடிஞ்சு மறுபடி ஆரம்பிச்சுதுன்னா எழுந்து போயிடுவேன்" என்று சொல்லிவிட்டார். இருந்ததோ அரை நிமிஷப் பாட்டு, ஈறு மரத்துப்போகவே அது போதாது. கதவிடுக்கு வழியாக அப்பா என்னைப் பார்த்தார் பார், பெண் பார்க்க வந்த அன்றுகூட அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நல்லவேளை, கடைசிக் கட்டத்தைத் தட்டினால் வலப்பக்கம் புதுக் கட்டங்கள் முளைத்துப் பாட்டு நீளும். நாய் துரத்தினால் ஓடுகிற மாதிரி அந்தக் கோட்டுக்கு முன்னால் முன்னால் நான் கட்டங்களைத் தட்டிக்கொண்டே போனேன். உனக்குப் பாடிய தாலாட்டு, பள்ளிக்கூட மணி, காலிங்பெல், எல்லாம் போட்டாயிற்று, சரக்கு தீர்ந்ததும் விரல் போன இடமெல்லாம் தட்டினேன். போன் அடித்து ஓய்ந்தது. உள்ளே அப்பா, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்கிறார், பயில்வானிடம் சொல்கிறாரா என்னிடம் சொல்கிறாரா என்றே தெரியவில்லை. கடைசியில் தட்டில் டங்கென்று பல் விழுந்தது. பஞ்சைக் கடித்தபடி வெளியே வந்த பயில்வான், "பாட்டு யாரு போட்டது" என்று குழறினார். நெஞ்சை நிமிர்த்தி வாயெடுத்த அப்பா என்னைப் பார்த்ததும் என்ன நினைத்தாரோ, "பல்லு மட்டுந்தாங்க நான், பாட்டு அவங்க" என்றார். எதைச் செய்து வைத்தாலும் 'ம்' என்பதோடு நிறுத்துகிற மனுஷன், எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்த பயில்வான், "அக்கா, உங்களுக்கும் பல் வலியா" என்று கேட்டார்.

இப்போது அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு நாற்காலி. அவருக்கு மேளம் வேண்டுமாம், எனக்கு வேண்டாம், சண்டைக்குக் குறைவில்லை. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. உன் கடைவாய்ப் பல்லை அங்கேயே யாரிடமாவது காட்டு, இல்லை என்றால் அப்பா விமானம் ஏறிவிடுவார், குறடோடு. பல்லும் சொல்லும் உறுதியாக, எங்கள் ஆயுசும் சேர்த்து நீ நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அம்மா (இசையமைப்பாளர்)