பேத்திக்கு எத்தனை மாதம்?

அம்மருட்,
14.09.2003

அன்பு மகளுக்கு,

இன்று உன் மலைநடைக் கழகத்தோடு நானும் போனேன். கல்யாணத்துக்கு வராத அப்பாவை நீ வீட்டுக்குள் விடமாட்டாய், அங்கேயாவது உன்னைக் காணலாம் என்று நினைத்தேன்.

ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. எங்களைக் கூட்டிப்போன நோர்வேஜியப் பெண்ணிடம், உன் அப்பா என்று சொல்லி உன்னைப் பற்றிக் கேட்டேன்.

"அவள் போன வருடமே வடக்கே துரோம்சோ நகருக்குப் போய்விட்டாளே, தெரியாதா?"

"தெரியும்" என்றேன்.

உச்சியில் அவள் தன் கோப்பியில் எனக்கும் ஊற்றித் தந்தாள். "உங்கள் பேத்திக்கு இப்போது எத்தனை மாதம்?" என்றாள். "நாலு" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, மரங்களைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

வீட்டில், "மகளைக் கண்டனீங்களோ?" என்று அம்மா கேட்டார். பேத்தி பிறந்திருப்பதைச் சொன்னேன். அழுதுகொண்டே பெயரைக் கேட்டார்.

அதை மட்டுமாவது எழுது, மகள்.

இப்படிக்கு,
அப்பா